கறுப்பு முதுகு ஃபிலிம்

பைக்குள் இருந்த வலது கைக் கட்டைவிரலில் துணி தட்டுப்பட்டது.

ஃபிலிம் ரோலின் டப்பாவுக்குள் துணிக்கு என்ன வேலை? ஃபிலிம் இருக்கும். அது சுற்றியிருக்கிற சின்னக் கட்டை இருக்கும். ஃபிலிமின் வாலைக் கட்டையோடு பிடித்து வைக்க வழுவழுவென்று ஒரு துண்டு பிளாஸ்டிக் டேப் இருக்கும். அவ்வளவுதான். பதினாலு வருஷமாக இருட்டில் தடவித் தடவிப் பழகிய விரல் அது, பொய் சொல்லாது. அந்த விரல் இன்றைக்குத் துணி என்கிறது. ஓரம் மடித்து நெய்த நாடா என்கிறது.

அக்கா அசையவில்லை. அசையவும் முடியாது. முழங்கை வரைக்கும் ரெண்டு கையும் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் மாட்டியிருக்கிறது. பையின் வாயில் இருக்கிற எலாஸ்டிக் ரெண்டு முழங்கையையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. உள்ளே டப்பாவைத் திறந்து எடுத்த ஃபிலிம் போர்த்த ஒன்றும் இல்லாமல் கிடக்கிறது. இப்போது கையை உருவினால் வெளிச்சம் உள்ளே போகும். வெளிச்சம் போனால் மூணு பேருடைய படமும் அம்போ.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. சமையலறை மேஜை. மேஜையைச் சுற்றி மூணு ஆம்பளைகள். ஒருத்தர் அவள் வீட்டுக்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர். அடுப்பங்கரையில் நின்று தண்ணீர் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பல் டாக்டர், ஐம்பது வயது, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மூணாவது ஆள் டெய்லர். முப்பது வயதுப் பையன். வந்ததிலிருந்து அவன் உட்காரவே இல்லை.

"இந்த ரோலை யாரு கையால சுத்துனது?" என்றாள் அக்கா.

டெய்லர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"டாக்டர், இது உங்க ரோல். கடையில வாங்குனதா?"

"இல்லையே. போன மாசம் நம்ம டெய்லர் ஒரு பெட்டி நிறைய கொண்டு வந்தானே, அதுல ஒண்ணு எடுத்துக்கிட்டேன். ஏன்?"

"நான்தான்க்கா சுத்துனேன்" என்றான் டெய்லர், ஜன்னலைப் பார்த்தபடி. "பெரிய சுருளா கிடைச்சுது. அதை வெட்டிக் காலி டப்பாவுல சுத்தினேன். நல்ல ஃபிலிம்தான்."

பெரிய சுருளை வாங்கி வீட்டிலேயே வெட்டிச் சுற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அக்கா அப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த 'நல்ல ஃபிலிம்தான்' அவள் காதுக்குச் சரியாகப் படவில்லை. நல்ல பாலை விற்கிறவன் தண்ணி கலக்கவில்லை என்று தானாக வந்து சொல்ல மாட்டான்.

அவளை அக்கா என்று சும்மா சொல்லிக்கொண்டே போகிறேன். முழுப் பட்டப்பேர் 'டிகிரி அக்கா'. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு டிகிரி எங்கிருந்து வந்தது என்றால், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருந்து வந்தது. இருபத்தி ரெண்டு வருஷமாக அங்கே வேலை. போர்வை, டாக்டர் கோட்டு, ஆபரேஷன் துணி, எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போகும். தண்ணீரில் முழங்கையை வைத்து நாற்பது டிகிரியா, முப்பத்தெட்டா என்று சொல்லிவிடுவாள். சூட்டுமானியைப் போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் அவளும் புருஷனும்தான், ரெண்டு பேருக்கும் ஷிஃப்ட் வேலை. சில வாரம் கதவில் ஒட்டிவைத்த சீட்டில்தான் பேச்சுவார்த்தை.

கேமரா பைத்தியம் பிடித்ததும் அந்தச் சலவைக்கூடத்தில்தான். ஒருநாள் எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணின் கோட்டுப் பையில் ஒரு ஃபிலிம் ரோல் இருந்திருக்கிறது. பையைத் துழாவிப் பார்க்காமல் அக்கா மெஷினில் போட்டுவிட்டாள். தொண்ணூறு டிகிரி, சோப்பு, நாற்பது நிமிஷம். அந்தப் பெண் வந்து கேட்டபோது அக்கா திட்டு வாங்கத் தயாராக நின்றாள். அவள் திட்டவே இல்லை. டப்பாவைத் திறந்து, கூழாகிப் போன ஃபிலிமைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். மூடினாள். போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அக்கா அன்றைக்கே மறந்திருப்பாள். பேசாமல் போனதுதான் குடைந்தது. விரல் நீள டப்பாவுக்குள் அப்படி என்ன இருந்தது? அடுத்த மாதமே ஒரு பழைய கேமரா வாங்கிவிட்டாள்.

செல்போனில் எடுத்தால் என்ன கேடு என்று அவள் வீட்டுக்காரரும்தான் கேட்டார். கேட்டுக் கேட்டு வாய் வலித்து விட்டுவிட்டார். இப்போது தண்ணீர் சுட வைக்கிறார்.

ஊரில் இப்படி ஃபிலிமில் படம் எடுக்கிறவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள், படம் காட்டுவார்கள், ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டுவார்கள், கலைவார்கள். ஃபிலிம் விலை ஏற ஏற பன்னிரண்டு ஒன்பதானது. பிறகு ஆறு மாதத்துக்கு முன்னால் ஸ்டுடியோக்காரர் கலர் ஃபிலிம் கழுவுகிற மெஷினை நிறுத்திவிட்டார். "வாரத்துக்கு அம்பது ரோல் வந்தா மருந்து உசிரோட இருக்கும். நீங்க கொண்டு வர்றது அஞ்சு. நான் கழுவினாலும் கழுவாட்டியும் மருந்து செத்துப் போகுது. நான் என்ன பண்ண?" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தூரத்து ஊருக்குத் தபாலில் அனுப்பினார்கள். திரும்பி வர ரெண்டு மாதம். மூணு ரோல் வரவே இல்லை. ஒன்பது ஆறானது.

போன கூட்டத்தில் பல் டாக்டர்தான் தேங்காய் உடைக்கிற மாதிரிப் பேசினார். "சாகப் போற நோயாளிக்கு ஏன் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு? கௌரவமா முடிச்சுக்கலாம். கேமராவை வித்துட்டு அவங்கவங்க வேலையைப் பாப்போம்." நாலு தலை ஆடியது.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். மருந்தை வரவழைத்துத் தானே வீட்டில் கழுவித் தருகிறேன் என்றாள். கறுப்பு வெள்ளையைப் பதினாலு வருஷமாக வீட்டில்தான் கழுவுகிறாள். கலர் கழுவியதில்லை. "அதுவும் தண்ணியும் சூடும்தானே? என் பொழப்பே அதுதான். ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க. சரியா வரலைன்னா மொதல்ல என் கேமராவை விக்கிறேன்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "சும்மா சுவத்தையும் பூந்தொட்டியையும் எடுத்த ரோலைக் கொண்டு வந்து என்னைச் சோதிக்காதீங்க. போனா போகட்டும்னு குடுக்குற ரோல் எனக்கு வேணாம். முக்கியமான ரோலைக் குடுங்க. நம்பினா முழுசா நம்புங்க, இல்லன்னா இப்பவே கலைங்க" என்றும் சொல்லிவிட்டாள்.

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பல் டாக்டர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அவர் அம்மாவுக்கு எட்டு மாதமாகப் படுக்கை. போன மாதம் ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடையில் நடந்தார். பதினோரு அடி. டாக்டர் அம்மாவுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே முப்பத்தாறு படமும் எடுத்து முடித்துவிட்டார். அதன் பிறகு அந்த அம்மா மறுபடி படுத்துவிட்டார். அந்த ரோல்தான் இப்போது அக்காவின் கையில், துணி நாடாவோடு.

அவள் கத்தரியைத் தடவி எடுத்தாள். நாடாவுக்கு ஒரு விரல் முன்னால் ஃபிலிமை வெட்டி, சுருள் பள்ளம் வெட்டிய ரீலில் ஏற்றி முடித்தாள். மருந்து ஊற்றிக் கழுவுகிற டேங்க் ஒன்றுக்கு மூணு ரீல். முதல் டேங்க் ஏற்கனவே நிரம்பி, மூடி, மேஜையில் உட்கார்ந்திருந்தது. இது ரெண்டாவது. ஆறு பேரில் ஒருத்தரான பாட்டு டீச்சரம்மாவின் ரோல் ஏறியாயிற்று. இப்போது டாக்டருடையதும் ஏறியாயிற்று. பாக்கி ஒன்று, அவளுடையதே.

அங்கேதான் கை வேர்த்தது. சந்தேகம் வந்தால் முதலில் வேர்ப்பது உள்ளங்கைதான். பைக்குள் காற்று கிடையாது. ஃபிலிம் ரீலின் பள்ளத்தில் பாதி தூரம் போய் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"என்னம்மா, பாம்பு பிடிக்கிற மாதிரி முழிக்கிற?" என்றார் வீட்டுக்காரர்.

"பேசாம இருங்க."

"மூக்கு நுனியில வேர்வை நிக்குது. துடைச்சு விடவா?"

"துடைங்க. ஆனா பேசாதீங்க."

அவர் தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். டெய்லர் ஜன்னலை விட்டுச் சுவருக்கு வந்தான், சுவரை விட்டு மறுபடி ஜன்னலுக்குப் போனான். அக்கா மூச்சைப் பிடித்து, ரீலை மேஜையில் மெல்லத் தட்டி, ஒட்டியதை விடுவித்து, ஒவ்வொரு பல்லாக நகர்த்தி ஏற்றினாள். பத்து நிமிஷம். மூணு ரீலையும் டேங்கில் இறக்கி மூடியைத் திருகினாள். இறுகிய சத்தம் கேட்டதும்தான் மூச்சு விட்டாள். இனி டேங்குக்குள் வெளிச்சம் போகாது. கையை உருவினாள். உள்ளங்கை குளித்த மாதிரி இருந்தது.

முதல் காரியமாகப் பைக்குள்ளிருந்து டாக்டர் ரோலின் கட்டையை எடுத்தாள். வெள்ளை நாடா. சட்டைக் காலருக்குள் அளவுச் சீட்டு தைப்பார்களே, அது. நாடாவில் ஒட்டியபடி வெட்டி மிஞ்சிய ஃபிலிம் துண்டு, கட்டைவிரல் நீளம். திருப்பினாள். அதன் முதுகு அடுப்புக் கரி மாதிரிக் கன்னங்கறேலென்று இருந்தது. குழாயைத் திறந்து விரலை நனைத்துத் தேய்த்தாள்.

விரல் கறுத்தது.

"டேய்" என்றாள்.

டெய்லர் அப்படியே சுவரோடு சாய்ந்தான்.

"இது சினிமா ஃபிலிம்தானே?"

"ஆமாக்கா."

"முதுகுல கரி பூசியிருக்கும்னு தெரியுமா தெரியாதா?"

"நேத்துதான் தெரியும். கையில எச்சில் பட்டு ஒட்டிச்சு. காலையில சொல்லத்தான் வந்தேன். டாக்டர் ஏற்கனவே வந்து உக்காந்திருந்தாரு. வாய் வரலை."

"நான் கேட்டப்ப நல்ல ஃபிலிம்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?"

"என்ன கரி? எனக்குப் புரியிற மாதிரிச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அக்கா சொன்னாள். சினிமாவுக்கென்று செய்கிற கலர் ஃபிலிமின் முதுகில் கரிப்பூச்சு உண்டு. அதற்கென்று இருக்கிற பெரிய லேபில் முதல் வேலையாக அதை ஊறவைத்து உரித்துவிடுவார்கள். நம் மருந்தில் அப்படியே போட்டால் கரி கரைந்து, மருந்தோடு கலந்து, டேங்கில் இருக்கிற அத்தனை ஃபிலிம் மேலேயும் போய் உட்காரும். உட்கார்ந்தது எழுந்திருக்காது. மருந்தும் பாழ். இருப்பது ஒரே ஒரு லிட்டர்.

டாக்டர் எழுந்துவிட்டார். "அப்ப கரி இருக்குற ரோலைத் தனியா தூக்கிப் போடுங்க. ஒருத்தன் செஞ்ச கோமாளித்தனத்துக்கு மத்தவங்க படம் ஏன் கெடணும்?"

அக்கா விரலில் இருந்த கறுப்பை அவருக்குக் காட்டினாள்.

"டாக்டர், இது உங்க கட்டை."

அவர் டப்பாவை வாங்கிப் பார்த்தார். பென்சிலில் எழுதியிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

மற்ற அஞ்சு கட்டைகளையும் அக்கா வரிசையாக வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். முதல் டேங்கின் மூணும் சுத்தம். ரெண்டாவது டேங்கில் பாட்டு டீச்சருடையதும் கரி; அதில் மட்டும் நாடாவுக்குப் பதில் பிளாஸ்டிக் டேப், அதனால்தான் விரலுக்குத் தெரியவில்லை. அவளுடையது சுத்தம். ஆக ஒரே டேங்கில் ரெண்டு கரி, ஒரு வெள்ளை.

வீட்டுக்காரர் முதல் டேங்கின் டப்பா ஒன்றை எடுத்துப் பெயரைப் படித்தார். "தம்பி, இது உன் ரோலு. உனக்கு மட்டும் கடை ஃபிலிம், ஊருக்கெல்லாம் கரி ஃபிலிமா? பந்தியில பரிமாறுறவன் தனக்கு மட்டும் தனியா எடுத்து வச்ச கதையா இருக்கே."

டெய்லருக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணே, சத்தியமா இல்லண்ணே. அது போன வருஷம் வாங்கினது, கேமராவுலயே கெடந்துச்சு. எல்லாரும் ஃபிலிம் விலைக்குப் பயந்துதானே ஒவ்வொருத்தரா விட்டுட்டுப் போறாங்க? சுருள் சும்மா மாதிரிக் கிடைச்சுது. டப்பாவுல சுத்திக் குடுத்தா யாரும் போக மாட்டாங்கன்னு நெனச்சேன். ராத்திரி பூரா அலமாரிக்குள்ள உக்காந்து சுத்தினேன்."

"சுத்துன. எங்க எல்லாரையும் சேத்துச் சுத்திட்ட" என்றார் டாக்டர். பிறகு அக்காவிடம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது, அது கத்தினதைவிட மோசமாக இருந்தது. "அந்த டேங்கை அப்படியே என்கிட்ட குடுத்துடுங்க. மூடி இருக்குல்ல? எங்கயாவது சினிமா லேப் இருக்கும். நானே கொண்டு போறேன். உங்க மேல கோபம் இல்ல. ஆனா போதும். எல்லாம் போதும்."

நியாயம்தான். அம்மா அவருடைய அம்மா. மாட்டேன் என்று சொல்ல அக்காவுக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த டேங்க் கதவைத் தாண்டிப் போனால் அதோடு ஆறு பேரும் கதவைத் தாண்டிப் போனது போலத்தான். அவளுக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

"பத்து நிமிஷம் உக்காருங்க டாக்டர். ஒண்ணு பாத்துட்டுக் குடுத்துடுறேன். நீங்க வேணாம்னா வேணாம்."

தொட்டிக்கு அடியில் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சலவை சோடா. எண்ணெய், கிரீஸ், மருந்துக்களிம்பு, என்ன கறை ஏறிய போர்வையானாலும் சோப்புக்கு முன்னால் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டால் கறை பிடியை விடும். ஒட்டிய அழுக்கை அடித்து எடுக்கக்கூடாது, இளக்கித்தான் எடுக்க வேண்டும். இருபத்தி ரெண்டு வருஷத்தில் அவள் கற்றது அதுதான். ஆனால் அது துணி. இது ஃபிலிம். முதுகில் கரி, நெஞ்சில் படம். முதுகை இளக்குகிற சோடா நெஞ்சையும் இளக்கிவிட்டால்?

முப்பத்தெட்டு டிகிரித் தண்ணீரில் ஒரு கரண்டி சோடாவைக் கரைத்துக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள். டாக்டர் ரோலின் மிச்சத் துண்டை அதில் போட்டாள். வெளிச்சம் பட்ட துண்டு, கெட்டால் கெடட்டும். நாலு தலையும் டம்ளர் மேல் குனிந்தன.

ஒரு நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. அக்கா டம்ளரைக் கையால் மூடி ஒரு குலுக்குக் குலுக்கினாள். புகை மாதிரி ஒரு கறுப்பு நூல் பிரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு டம்ளரே மசியானது. துண்டை எடுத்து நல்ல தண்ணீரில் காட்டி, கட்டைவிரலால் ஒரு இழுப்பு. முதுகு துடைத்த கண்ணாடி போல வந்தது. நெஞ்சுப் பக்கத்தை நகத்தால் லேசாக அழுத்திப் பார்த்தாள். இளகவில்லை. தன் ரோலின் மிச்சத் துண்டையும் சோடாவில் போட்டு எடுத்து அழுத்திப் பார்த்தாள். அதுவும் இளகவில்லை.

"கரி போகுது. படத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்கிறேன்" என்றாள்.

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?"

"நெனைக்கிறேன்."

பல் டாக்டர் அவளையே பார்த்தார். பல் பிடுங்கும்போது வலிக்காது என்று தினமும் பத்துப் பேரிடம் பொய் சொல்கிறவர். யாராவது உண்மை சொன்னால் அவருக்கு அடையாளம் தெரியும்.

"மொதல்ல அந்த டேங்கை முடிங்க. அதைப் பாத்துட்டுச் சொல்றேன்."

முதல் டேங்கை எடுத்தாள். மூடியின் நடுத் துளை வழியாக மருந்து உள்ளே போனது; அந்தத் துளையில் தண்ணீர் போகும், வெளிச்சம் போகாது. மூணே கால் நிமிஷம். ஒரு டிகிரி கூடினாலோ குறைந்தாலோ நிறம் திரிந்துவிடும். வீட்டுக்காரர் வாளிக்குள் சூட்டுமானியைப் பிடித்துக்கொண்டு, "முப்பத்தெட்டு... முப்பத்தெட்டு... கொஞ்சம் கீழ இறங்குது" என்று ஓதினார். கெட்டிலில் இருந்து ஒரு கை வெந்நீர் சேர்ந்தது. அக்கா டேங்கைக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், தட்டினாள். மருந்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றினாள். படத்தை நிலைக்க வைக்கிற ரெண்டாவது மருந்து, ஆறரை நிமிஷம். கழுவினாள். மூடியைத் திறந்து முதல் ரீலை உருவினாள்.

படம் இருந்தது. ஆரஞ்சு நிற ஃபிலிமில் வரிசையாக, சுத்தமாக, அத்தனையும். அது டெய்லருடைய ரோல்.

"பாரு, அதிர்ஷ்டக்காரப் பய" என்றார் வீட்டுக்காரர். டெய்லர் தன் படத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டாக்டர் ரெண்டாவது டேங்கைக் கையில் எடுத்தார். கொண்டு போய்விடுவார் என்றுதான் அக்கா நினைத்தாள். அவர் அதை மார்போடு வைத்துக்கொண்டார்.

"தபால்ல மூணு ரோல் போச்சே, அதுல ஒண்ணு என்னோடது" என்றார். "எங்க போச்சு, யாரு தொலைச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இங்க கெட்டா என் கண்ணு முன்னால கெடும்." டேங்கை அவளிடம் நீட்டினார். "செய்ங்க."

தன் ரீலை மட்டும் பிரித்தெடுக்கலாம்; ஆனால் வேர்த்த கையோடு மறுபடி பைக்குள் போய் டாக்டர் படத்துக்குப் பக்கத்தில் தடவ அக்காவுக்கு மனசில்லை.

சோடாத் தண்ணீரை ஊற்றினாள். ரெண்டு நிமிஷம் விட்டாள். பிறகு குலுக்கினாள், போர்வை அலசுகிற குலுக்கல், தோள் தெறிக்கிற மாதிரி. வாயைக் கவிழ்த்தாள். தொட்டியில் கொட்டியது தண்ணீர் இல்லை, தார். டாக்டர் தொட்டியோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"வரட்டும். வெளிய வந்தா நல்லதுதான்" என்றாள் அக்கா, யாருக்குச் சொன்னாள் என்று தெரியாமல்.

ரெண்டாவது தண்ணீர், கறுப்பு. மூணாவது, கறுப்பு. நாலாவது, சாம்பல். அஞ்சாவது, அழுக்கு மழைத் தண்ணீர். ஆறாவதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். தெளிவாக இருந்தது. ஆனால் அடியில் மிளகுத்தூள் மாதிரி நாலைந்து புள்ளி. இன்னொரு தண்ணீர். இன்னொன்று. புள்ளி ரெண்டு. இன்னொன்று. புள்ளி ரெண்டு.

"இதுக்கு மேல வராது" என்றாள். "ஒட்டியிருக்குறது ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். மருந்து ஊத்தவா?"

டாக்டர் தலையை ஆட்டினார்.

அந்த மூணே கால் நிமிஷத்தை அக்கா அவள் ஆயுளில் சேர்க்க மாட்டாள். வீட்டுக்காரர்கூட வாய் திறக்காமல் சூட்டுமானியை விரலால் காட்டினார். ரெண்டாவது மருந்து. ஆறரை நிமிஷம். தண்ணீர். மூடியில் கை வைத்தாள்.

"நீங்க தெறக்குறீங்களா டாக்டர்?"

"வேணாம். நீங்களே."

டாக்டரின் ரீலை உருவி, ஃபிலிமின் நுனியைப் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே ஒரு முழம் பிரித்தாள். கறுப்புத் தீற்றல் அங்கங்கே கோடு கோடாக இருந்தது. முதுகில்தான். கட்டைவிரலை நனைத்து இழுத்தாள், வழிந்து போனது. ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். ஒரு நடை. சுவரில் ஒரு கை. ஒரு பெண். நெகட்டிவ் அல்லவா, நரைத்த தலை கறுகறுவென்று இருந்தது.

டாக்டர் கிட்ட வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். ஒவ்வொரு கட்டமாக உதடு அசையப் போனார். எண்ணுகிறார் என்று அக்காவுக்குப் பிறகுதான் புரிந்தது. எட்டாவது அடிக்குப் பக்கத்தில் அந்த அம்மாவின் தோளில் ஒரு பொட்டு, நெஞ்சுப் பக்கத்தில் ஒட்டியது, தேய்த்தும் போகவில்லை. அவர் அதைப் பார்த்தார். தாண்டி அடுத்ததுக்குப் போனார்.

"அம்மாவுக்கு இருபது வயசு குறைஞ்சிருக்கு" என்றார். "காட்டுனா சந்தோஷப்படுவாங்க."

டீச்சரம்மாவின் ரோலும் அப்படியே. தீற்றல், துடைத்தால் போனது. இங்கொன்றும் அங்கொன்றும் பொட்டு. பிழைத்தது.

மூணாவது ரீல் அக்காவுடையது. அதன் முதுகில் கரி இருந்ததே இல்லை. மற்ற ரெண்டும் விட்டதெல்லாம் எங்காவது போக வேண்டுமே; அதன் நெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது. சலவைக்கூடத்துப் பெண்கள் ஏழு பேர், ஆவிக்கு நடுவில், ஈரப் போர்வையின் ரெண்டு முனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு. அதில் ரெண்டு பேர் போன வாரம் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். எல்லார் முகத்திலும் பொரிப் பொரியாகக் கறுப்பு. அக்கா தேய்த்தாள். சோடாவில் காட்டித் தேய்த்தாள். முப்பத்தாறில் அஞ்சு தேறும்.

"உங்களுது எப்படி?" என்றார் டாக்டர்.

"அழுக்கு."

"போகாதா?"

"இது போற அழுக்கில்ல டாக்டர்." அவள் கிளிப்பை மாட்டிக் கொடியில் தொங்கவிட்டாள். வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் அவள் முழங்கையைத் துண்டால் துடைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தொட்டியைக் கழுவப் போனார்.

டெய்லர் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அக்கா, மிச்சச் சுருளை இன்னிக்கே கொண்டு போய்க் குப்பையில போட்டுடுறேன்."

"போட்டுத்தான் பாரேன். உன்னையும் அதே குப்பையில போடுறேன்." அவள் திரும்பினாள். "எவ்வளவு இருக்கு?"

"இன்னும் நாப்பது ரோல் வரும். அதுல பதினஞ்சு சுத்தி முடிச்சிட்டேன். பையில இருக்கு."

"நாப்பதா?" என்றார் டாக்டர்.

"ஆமா சார்."

அவர் கொடியில் தொங்குகிற தன் அம்மாவை ஒருமுறை பார்த்தார். டெய்லரின் பையைத் தன் பக்கம் இழுத்தார். "இதை மத்த ரோலோட சேத்துப் போட்டதுதான் தப்பு. அடுத்த தடவை கரி ரோலெல்லாம் தனி டேங்க். சோடாவும் ரெண்டு நிமிஷம் பத்தலை, மூணு விடணும்."

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார், கேட்டாயா என்கிற மாதிரி. அவள் பார்க்காதது போல மருந்து பாட்டிலின் மூடியை இறுக்கினாள்.

டாக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "மொதல்ல ஒவ்வொண்ணுலயும் இது என்ன ஃபிலிம்னு எழுதணும்."

"நீங்க எழுதாதீங்க சார்" என்றார் வீட்டுக்காரர். "உங்க கையெழுத்து மருந்துக்கடைக்காரனுக்குத்தான் புரியும். என் பொண்டாட்டி அதையும் படிச்சுட்டு வேற எதையாவது டேங்க்ல போட்டுடுவா. இவனே எழுதட்டும்."

டெய்லர் பேனாவை வாங்கினான். பதினஞ்சு டப்பாவையும் மேஜையில் பரப்பினான். முதல் டப்பாவில் பொடி எழுத்தில் 'கரி' என்று எழுதி அக்காவிடம் நீட்டினான்.

அவள் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். திரும்ப அவன் கையில் வைத்தாள்.

"பெருசா எழுது."